கூட்டுறவுக் கடனும் கிராம வங்கியும் பெண்களின் நிலையை மாற்றியிருக்கின்றனவா என்பதை அளப்பது எப்படி? (ராமநாதபுரம் கடலோரம்)

கேள்வி: ஆய்வு மாணவி, தேவிபட்டினம் பகுதி

அனைவருக்கும் வணக்கம். வேளாண் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடலோர ஊர்களில், ஊர்மட்டத்தில் இயங்கும் கடன் நிறுவனங்கள் ஐந்து ஏக்கருக்குள் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களின் பிழைப்பையும், அந்தக் குடும்பத்துப் பெண்களின் நிலையையும் எந்த அளவுக்கு மாற்றியிருக்கின்றன என்பதை அறிவதே என் நோக்கம். நான் பிறந்து வளர்ந்த பகுதி இது என்பதால் ஊர்களில் நுழைவது எளிதாக இருக்கிறது. ஆனால் கிடைத்த விடைகளை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறேன்.

முன்னோட்டமாகச் சில ஊர்களில் வீடு வீடாகப் பேசிப் பார்த்தேன். கூட்டுறவுச் சங்கத்திலோ கிராம வங்கியிலோ கடன் பெற்றுவரும் வீடுகளில் ஆடுகள் அதிகம். முண்டு மிளகாய் போடும் பரப்பு அதிகம். பிள்ளைகளின் படிப்பும் ஒரு படி மேலே இருக்கிறது. மகிழ்ச்சியோடு இதை எழுதிக்கொண்டு போனபோது என் நெறியாளர் கேட்டது ஒன்றுதான்: "கடன் வாங்கியதால் அவர்கள் முன்னேறினார்களா, முன்னேறக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் கடன் கிடைத்ததா?" என்னிடம் விடை இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "வீட்டில் பணம் பற்றிய முடிவை எடுப்பது யார்?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாப் பெண்களும் "ரெண்டு பேரும் கலந்துதான்" என்றே சொல்கிறார்கள். பல வீடுகளில் கணவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டது என் தவறு. ஒரு வீட்டில் நடுவயதுப் பெண் ஒருவர் அதே விடையைச் சொல்லிவிட்டு, நான் குறிப்பேட்டை மூடி எழுந்த பிறகு வாசல் வரை வந்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த நகைக்கடன் ரசீதைக் காட்டினார். மகளின் பிரசவச் செலவுக்காகத் தன் தோட்டை வைத்திருக்கிறார். "இது அவருக்குத் தெரியாது" என்றார். அவர் தானாக முடிவெடுத்திருக்கிறார் என்று இதை எழுதுவதா, வெளியே சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்று எழுதுவதா? கள அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: திட்ட மதிப்பீட்டுப் பணியில் இருப்பவர், மதுரை

உங்கள் நெறியாளரின் கேள்வியைத் தாண்டாமல் இந்த ஆய்வில் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. ஆனால் அதற்கு முன், எந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊர்மட்டக் கடன் நிறுவனம் என்றால் ஆப்பிரிக்க நாடான கானாவின் 'ஊரக சமூக வங்கி' ஒரு வகை. அங்கே 1976இல் அகோனா நியாக்ரோம் என்ற ஊரில் முதல் ஊரக வங்கி தொடங்கியது. சுற்றுவட்டார மக்களே பங்கு வாங்கி, தாங்களே உரிமையாளராக இருக்கும் அமைப்பு அது. நம் பகுதியில் அதற்கு நேர் இணை கிடையாது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினருக்குப் பங்கும் வாக்கும் உண்டு. 1975இல் அவசரச் சட்டத்தின் மூலம் வந்த கிராம வங்கியிலோ மத்திய அரசுக்கு 50, அதற்கு ஆதரவளிக்கும் (ஸ்பான்சர்) வங்கிக்கு 35, மாநில அரசுக்கு 15 விழுக்காடு என்று பங்குகள் முடிந்துவிடுகின்றன. ஊராருக்கு அதில் இடமில்லை. மூன்றாவதாக, 1992இல் தேசிய வேளாண் வங்கியான நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பின் வழியாகவும், பின்னர் தமிழக அரசின் மகளிர் திட்டத்தின் வழியாகவும் வளர்ந்த சுய உதவிக் குழுக்கள். ஒரு பெண் சங்கத்தின் உறுப்பினர் என்பதும், வங்கியின் வாடிக்கையாளர் என்பதும், குழுவில் ஒருத்தி என்பதும் மூன்று வேறு உறவுகள். மூன்றையும் 'உறுப்பினர்' என்ற ஒரே கட்டத்தில் போட்டால் முடிவு எதையும் சொல்லாது.

வங்கிப் பதிவேடுகளைப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 1977இல் தொடங்கி, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. பெயர் மாறியதால் பழைய கணக்கைப் புதிய கணக்கு என்று யாரேனும் சொல்லிவிடக்கூடும். கணக்குத் தொடங்கிய ஆண்டைப் பாஸ்புக்கிலேயே சரிபாருங்கள்.

இனி ஒப்பீடு. கடன் பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே நிறுத்தினால், கடன் பெறுமுன்பே அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு முழுவதும் வங்கியின் கணக்கில் சேர்ந்துவிடும். நிலம் உள்ளவர், சாலையோரம் வீடு உள்ளவர், வங்கிப் படியேறிப் பேசத் துணிந்தவர் என்று முதலிலேயே வடிகட்டப்பட்டவர்கள்தானே கடன் பெறுகிறார்கள்? ஓரளவு நம்பத்தக்க வழி, இப்போது கடன் பெற்றிருப்பவர்களை, விண்ணப்பித்துவிட்டு இனிமேல் சேரவிருப்பவர்களோடு ஒப்பிடுவது. இருவரும் விண்ணப்பித்தவர்கள் என்பதால் அந்த வடிகட்டலின் பெரும்பகுதி சமப்படும். அதே வீடுகளை இரண்டு முறையாவது சந்தியுங்கள். நிலையைவிட மாற்றத்தை ஒப்பிடுவது மேல்.

இந்தியாவில் இதற்கு முன் நடந்த முயற்சிகள் உங்களுக்கு உதவும். 1977 முதல் 1990 வரை, ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த விதி வந்ததும் போனதும் ஏற்படுத்திய மாற்றத்தை வைத்து, கிராமக் கிளைகள் கிராமப்புற வறுமையைக் குறைத்தன என்று பொருளியலாளர்கள் பர்ஜெஸ், பாண்டே இருவரும் 2005இல் எழுதினார்கள். அதே காலத்தில் வேறு வறுமை ஒழிப்புத் திட்டங்களும் நடந்ததே என்ற மறுப்பும் எழுந்தது. மறுபுறம், ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து நுண்கடன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சிறுதொழில்களில் முதலீடு கூடியதே தவிர, பெண்கள் முடிவெடுப்பதிலோ பிள்ளைகளின் படிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆகவே, கடன் போனால் பெண்ணின் நிலை உயரும் என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு களத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் மாவட்டத்தில் இன்னும் கவனம் தேவை. 2016இல் தொடங்கிப் பார்த்தால் பணமதிப்பிழப்பும் அதையொட்டிய கடும் வறட்சியும் குறுக்கே நிற்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வருகிறது. ஒரு பெண் இன்று தனியாக வங்கிக்குப் போய்வருகிறாள் என்றால், அதில் கடனின் பங்கு எவ்வளவு, பேருந்தின் பங்கு எவ்வளவு, அந்த ஆயிரத்தின் பங்கு எவ்வளவு? மத்தியப் பிரதேசத்தில் வேலை உறுதித் திட்டக் கூலியைப் பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டு, கணக்கைக் கையாளவும் கற்றுக்கொடுத்தபோது பெண்கள் வேலைக்குப் போவது கூடியது என்று 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது கடன் அன்று, பெண் பெயரில் இருந்த கணக்கு. உங்கள் வினாத்தாளில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர், திருவாடானை வட்டம்

அம்மா, மேலே நண்பர் எழுதிய 'வடிகட்டல்' என்பதை நான் மேசைக்கு மறுபக்கம் இருந்து பார்த்தவன். அது எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன்.

பயிர்க்கடனுக்கு நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டி கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலும் வேண்டும். எங்கள் பக்கம் பட்டா பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். பல வீடுகளில் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கும். மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று 1989லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பட்டாவில் பெண்ணின் பெயர் ஏறியது எத்தனை வீட்டில் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். புரட்டாசியில் விதைப்பதும், களை எடுப்பதும், மாசி பங்குனியில் குனிந்த இடுப்பு நிமிராமல் மிளகாய் பறிப்பதும், களத்தில் வற்றலைப் புரட்டிப் போட்டுக் காயவைப்பதும் பெண்தான். ஆனால் சங்கத்தின் ஏட்டில் விவசாயி அவள் கணவர். உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடன் அவருக்குக் கிடைக்கிறது. அவளுக்கு மிஞ்சுவது நகைக்கடன். அதற்கு வட்டி உண்டு. எந்த வகைக் கடன் யாருக்குக் கிடைத்தது, எவ்வளவு வட்டியில் கிடைத்தது என்று பிரிக்காமல் மொத்தத் தொகையை மட்டும் கூட்டினால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துபோகும். குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கு) உழுபவர்களின் நிலை இதைவிட மோசம்; அடங்கலில் பெயர் இல்லாததால் அவர்கள் சங்கத்தின் வாசலுக்கே வருவதில்லை.

நகைக்கடன் எடுக்க வந்த பெண்களைப் பற்றி ஒரு காட்சி சொல்ல வேண்டும். நகை மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து எடை போடும்வரை அந்தப் பெண்ணின் கண் தராசை விட்டு அகலாது. பேரேட்டில் கையெழுத்து அவளுடையது. காசாளர் பணத்தை நீட்டும்போது பின்னால் நின்ற கொழுந்தனாரோ மகனோ கை நீட்டி வாங்கி, அங்கேயே எண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னே நடப்பார். அவள் வெறும் கழுத்தோடு பின்னால் போவாள். எங்கள் ஆண்டறிக்கையில் அது 'மகளிருக்கு வழங்கிய கடன்' என்ற தலைப்பில் ஒரு வரியாக ஏறும். பல ஆண்டுகள் அந்த வரியை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை, இப்போது உறுத்துகிறது.

இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நகைக்கடனுக்காகவே சேர்க்கப்பட்ட பெண்கள் பலர் இணை உறுப்பினர்கள். அவர்களுக்குச் சங்கத் தேர்தலில் வாக்கு கிடையாது. உறுப்பினர் பட்டியலில் பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுச் சங்கத்தில் பெண்களின் குரல் ஓங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். எந்த வகை உறுப்பினர் என்று கேளுங்கள். அடுத்தது தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆயிற்று. பின்னர் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களும் தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்யப்பட்டன. அந்த ஆண்டு ஒரு வீட்டில் நகை திரும்பியது என்றால் அது விளைச்சலால் வந்ததா, தள்ளுபடியால் வந்ததா என்று கேட்டாக வேண்டும். ஒழுங்காகக் கடனைக் கட்டி முடித்திருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஒப்பீட்டில் அவர்கள் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள்.

பதில் 3: மகளிர் குழுப் பிரதிநிதி, மண்டபம் அருகே ஒரு மீனவக் கிராமம்

தங்கச்சி, அந்த ரசீதைக் காட்டிய அம்மாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். உங்களை நம்பித்தான் காட்டியிருக்கிறார். ஊர்ப் பெயரோடு எங்கேயும் அதை எழுதிவிடாதீர்கள். அவர் தானாக முடிவெடுத்தாரா, பயந்து மறைத்தாரா என்று இரண்டில் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சங்கத்தில் வைத்ததால் மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று போகும் கந்துவட்டிக்காரரிடம் அவர் போகவில்லை. அது வங்கியால் அவருக்குக் கிடைத்த பலன். கணவரிடம் சொல்ல முடியவில்லை என்பது வங்கியால் தீராத வீட்டுப் பிரச்சினை. ஒன்றை இன்னொன்றில் கழித்து ஒரே மதிப்பெண்ணாக ஆக்கினால் இரண்டுமே தொலைந்துபோகும்.

எங்கள் ஊரில் நிலம் குறைவு. கடல்தான் எங்கள் வயல். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்துப் பிழைத்த பெண்கள் நாங்கள். பிறகு குழுவாகச் சேர்ந்து வங்கிக் கடனில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கத் தொடங்கினோம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மிதவை; நாற்பத்தைந்து நாளில் அறுவடை. அந்தக் கடனை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் மிதவை எங்கள் பெயரில் இருந்தது, பாசி விற்ற பணம் எங்கள் கணக்கில் விழுந்தது. ஆனால் கடல் சூடேறிப் பாசி வெளுத்து அழுகிய ஆண்டில் வருமானம் நின்றது, தவணை நிற்கவில்லை. நல்ல ஆண்டில் வந்து கணக்கெடுத்தால் நாங்கள் உயர்ந்தவர்கள். அந்த ஆண்டில் வந்திருந்தால் தாழ்ந்தவர்கள்.

"முடிவு எடுப்பது யார்" என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள். அதற்கு எங்களிடம் தயாரான விடை உண்டு. "தவணை எந்தக் காசிலிருந்து போகிறது" என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்த நாட்களில் வலை சீர் செய்யவும் படகு பராமரிக்கவும் பணம் வேண்டும். குழுக் கடன் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கும் பெண்கள் எங்களில் பாதிக்கு மேல். அதில் தவறில்லை, அது குடும்பத் தொழில். ஆனால் தடை முடிந்து படகு கடலுக்குப் போன பிறகு அந்தத் தவணையை மீன் விற்ற பணத்தில் கட்டுகிறாரா, இவள் பனை ஓலைப் பெட்டி முடைந்தும் கருவாடு விற்றும் கட்டுகிறாளா? எனக்குத் தெரிந்த ஒருத்தி, செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்கு வரும்போது தவணைப் பணத்தைச் சில்லறையாகவே கொண்டுவருவாள். பத்தும் இருபதுமாக முந்தானையில் முடிந்திருப்பாள். அந்த நோட்டுகளில் மீன் வாடை இருக்காது, நார் வாடைதான் இருக்கும். யார் உழைப்பு அது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கடனை மட்டும் கேட்காமல் சேமிப்பையும் கேளுங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகத் தருகின்றன. தொகை சிறியதுதான். இருந்தாலும் யாரிடமும் கைநீட்டாமல் வரும் பணம் என்பதால் அதைப் பற்றிப் பேசும்போது பெண்களின் முகமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

எங்கள் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கடனில் நான்கு ஆடு வாங்கினால் வருமானம் கூடும் என்று எழுதுவீர்கள். அந்த ஆட்டுக்கும் சேர்த்துத் தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவருவது யார்? ஊற்றில் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருநாள் கூட இருந்து பாருங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

ஐயா இருவருக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை அச்சிட்டு நெறியாளரிடம் காட்டினேன்.

மாற்றங்களை இப்படி யோசித்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கம், கிராம வங்கி, குழு மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் இப்போது கடன் பெற்றுள்ளவர்களையும் விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் சுற்றை மிளகாய் விற்று முடிந்த பிறகும், இரண்டாம் சுற்றை அடுத்த ஆண்டு அதே மாதத்திலும் வைத்தால் பருவ வேறுபாடு குறையும். மீனவ ஊர்களில் தடைக்காலத்தின்போது ஒரு முறை, தடை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு முறை. ஒவ்வொரு கடனுக்கும் நான்கு கேள்விகள்: யார் பெயரில் எடுக்கப்பட்டது, பணத்தை வாங்கிக்கொண்டது யார், எதற்குச் செலவானது, தவணை எவருடைய வருமானத்திலிருந்து போகிறது. பட்டா யார் பெயரில் என்பதும், எந்த வகை உறுப்பினர் என்பதும், தள்ளுபடி கிடைத்ததா என்பதும் கட்டாயக் கேள்விகள்.

பெண்ணின் நிலையை அளக்க, வேளாண்மையில் பெண்களின் அதிகாரத்துக்காக 2012இல் உருவான குறியீட்டை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உற்பத்தி, வளம், வருமானம், தலைமை, நேரம் என்ற அதன் ஐந்து கூறுகளில் 'நேரம்' இருப்பதை முன்பு வெறும் சம்பிரதாயமாகக் கருதினேன். அக்கா எழுதிய குடத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஐந்தையும் கூட்டி ஒரே எண்ணாகத் தராமல் தனித்தனியாகவே எழுதப்போகிறேன். ரசீது காட்டிய அம்மாவைப் பற்றிய குறிப்பை என் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டேன். இங்கும் அதை எழுதியிருக்கக் கூடாது என்று இப்போது உணர்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. பெண்களிடம் தனியாகப் பேசுவது எப்படி? தனியே அழைத்தால் வீட்டில் சந்தேகம் வருகிறது. வீட்டிலேயே பேசினால் பழைய விடைதான் வருகிறது.

பதில் 4: மகளிர் குழுப் பிரதிநிதி

வீட்டுக்குப் போகவே வேண்டாம். மிளகாய்க் களத்துக்கு வாருங்கள். காலை வெயில் ஏறுமுன் வற்றலில் காம்பு கிள்ளவும் சோடை பிரிக்கவும் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. நீங்களும் ஒரு முறத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் நாள் கேள்வித்தாளை எடுக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் என்றால் பாசி எடுத்துக் கரையேறும் நேரம் சரியாக இருக்கும். ஈரத்துணியோடு பாசியை மணலில் பரப்பிக்கொண்டே பேசுவோம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தவணை நாள். எல்லோருடைய மனமும் வேறெங்கோ இருக்கும்.

கண்ணுக்கு ஒரு துணி கொண்டுவாருங்கள். மிளகாய் நெடி பழகச் சில நாளாகும்.